குட்டி மிஸ்டேக்

தட்சிணாமூர்த்தியிடம் சந்தேகம் கேட்பதும் கரண்டுக் கம்பியைத் தொட்டுப் பார்ப்பதும் ஒன்றுதான் என்று அந்த ஆபீஸில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் அவரிடமே போய் நிற்பார்கள். மனிதர் சொல்லும் பதில் ஒருநாளும் தப்பாக இருந்ததில்லை.

தில்லியில் அது ஓர் அரசாங்கக் கம்ப்யூட்டர் மையம். காலம் எண்பதுகளின் பின்பாதி. தரைத்தளத்தில் ஒரு ஹால் முழுக்கக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. ஏசி அதற்கு மட்டும்தான். மனிதர்களுக்குக் கோடையில் கூலர், குளிர்காலத்தில் அவரவர் மஃப்ளர். மாடிகளிலும், சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டடத்திலும் புரோகிராம் எழுதுகிறவர்கள் அந்தக் கம்ப்யூட்டரோடு கம்பியில் இணைத்த டெர்மினல் திரைகளின் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். ஒருவர் இன்றைக்கு மாட்டிக்கொண்டு விழிக்கும் இடத்தில் இன்னொருவர் போன மாதமே மாட்டி, மீண்டு வந்திருப்பார். ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு மாடிப்படி இருக்கும், கொஞ்சம் கௌரவமும் இருக்கும். அதனால் இவர் அவரிடம் கேட்க மாட்டார்.

இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல்தான் லீலாவதி 'சபை'யைத் தொடங்கினாள். கோபிச்செட்டிபாளையத்துப் பெண். கல்யாணமாகி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. சபை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கம்ப்யூட்டருக்குள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு இடம். யார் வேண்டுமானாலும் தன் டெர்மினலில் இருந்தே அதில் ஒரு கேள்வியை எழுதி வைக்கலாம். பதில் தெரிந்தவர் அதன் கீழே எழுதலாம். வடக்கத்தியர் 'சபா' என்றார்கள், நம்மவர்கள் 'சபை' என்றார்கள், பெயர் இருவருக்கும் வாயில் நின்றது. டைரக்டர் மல்ஹோத்ராவிடம் நாலைந்து தடவை நடையாய் நடந்து அவள் அனுமதி வாங்கியிருந்தாள். காவல் பொறுப்பும் அவளுக்கே வந்தது. காலையில் வந்ததும் அதைப் படிப்பாள். தகாத வரி ஏதாவது கண்ணில் பட்டால் அழித்துவிடுவாள்.

சபை வந்த பிறகு ஆபீஸே கொஞ்சம் சிரித்த முகமாக மாறியிருந்தது. இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்ட விஷயம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துபோகும். லீலாவதிக்கு அதில் சொல்லி முடியாத பெருமை. தன் பெண்ணின் மார்க்கைக்கூட அவள் அத்தனை ஆசையோடு யாரிடமும் சொன்னதில்லை.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் தட்சிணாமூர்த்தி.

திருநெல்வேலிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அந்த மையத்தில் முதல் கம்ப்யூட்டர் வந்திறங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். சபையில் யார் என்ன கேட்டாலும் முதல் பதில் அவருடையது. பதிலுக்கு முன்னால் ஒரு குட்டு வைக்காவிட்டால் அவருக்குத் திருப்தி வராது. 'புத்தகத்தைப் படி, அப்புறம் வாயைத் திற.' 'இது கழுதைக்குக்கூடத் தெரியும்.' 'உனக்கு டிகிரி கொடுத்தவன் யார்?' எல்லாம் ஆங்கிலத்தில். போதாக்குறைக்கு அந்த டெர்மினல்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான் உண்டு. சும்மா எழுதினாலே சத்தம் போடுகிற மாதிரி இருக்கும். சத்தம் போடுகிறவரே உட்கார்ந்து எழுதினால் கேட்க வேண்டுமா.

மற்றவர்கள் எல்லை மீறினால் லீலாவதி தயங்குவதே இல்லை. ஒருவன் இன்னொருவனின் மாநிலத்தைக் கிண்டல் பண்ணி எழுதினான், பத்து நிமிஷத்தில் அந்த வரி காணாமல் போயிற்று. தட்சிணாமூர்த்தியின் வரிகளை மட்டும் அவள் தொட்டதில்லை. திட்டும் பதிலும் ஒரே வரியில் பின்னிக் கிடக்கும். ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்றும் கூடவே வந்துவிடுமோ என்று பயம். அதோடு, ஊரை விட்டு வந்த இடத்தில் தமிழ் பேசுகிற மனிதர். தீபாவளிக்கு அவர் வீட்டு மனோகரத்தை வாங்கிச் சாப்பிட்ட வாய். 'அவர் சுபாவம் அப்படி' என்று எல்லாரிடமும் அவளே சமாதானம் சொல்வாள். கொஞ்ச நாளாகச் சபையில் கேள்விகள் குறைந்துகொண்டு வந்தன. எல்லாரும் வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். நல்ல மனசு, ஆனால் இந்த விஷயத்தில் மேல்மாடி கொஞ்சம் காலி.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் வீணா சச்தேவா வேலைக்குச் சேர்ந்தாள். கரோல் பாக்கில் இருந்து பஸ்ஸில் வருகிற பஞ்சாபிப் பெண், காலேஜை விட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வந்த வாரமே சபையில் கேள்வி கேட்டாள், 'முட்டாள்' என்று பதில் வந்தது. மறுவாரம் இன்னொன்று கேட்டாள், கழுதை வந்தது. பயந்துபோய் நிறுத்திவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் மூன்றாவதாகவும் கேட்டாள். அந்தத் துணிச்சலைப் பார்த்து லீலாவதிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நேரே தட்சிணாமூர்த்தியின் அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பொண்ணு புதுசுங்க. அவகிட்ட மட்டுமாச்சும் கொஞ்சம் தன்மையா எழுதுங்க சார்."

அவர் மஃப்ளருக்குள்ளிருந்து அவளைப் பார்த்தார். "சரிம்மா. நீங்க சொல்லுதிய, செஞ்சு பாக்கேன்" என்றார்.

செய்தும் பார்த்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வீணா அப்போது ராஜஸ்தானின் கைப்பம்புகளை மாவட்டவாரியாகக் கூட்டுகிற ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். மாநிலத்துப் பம்புகள் அத்தனையும் ஜெய்சல்மர் கணக்கில் போய் விழுந்தன. அந்தப் பாலைவனத்தில் தண்ணீர் வெள்ளமாக ஓடியிருக்க வேண்டும். வெட்கத்தை விட்டு அவள் சபையில் கேட்டாள். மறுநாள் காலை லீலாவதி வந்து டெர்மினலைத் திறந்தபோது தட்சிணாமூர்த்தியின் பதில் இருந்தது. நல்ல முயற்சி, நாற்பதாவது வரியில் முற்றுப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது, வைத்தால் சரியாகிவிடும் என்று ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் 'ஒன்லி குட்டி மிஸ்டேக்' என்று சேர்த்திருந்தார்.

லீலாவதிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. முட்டாளும் இல்லை, கழுதையும் இல்லை. குட்டித் தப்பாம். மனிதர் மாறிவிட்டார் என்று மனசு குளிர்ந்து, கீழே போய் ஒரு டீயைச் சாவகாசமாகக் குடித்துவிட்டு வந்தாள்.

வந்தால், அவள் மேஜைக்குப் பக்கத்தில் வீணா நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தீதி, நீங்க படிச்சீங்களா?" என்று அக்கா முறை வைத்து ஹிந்தியில் கேட்டாள்.

"படிச்சேனே. நல்லாத்தானே எழுதியிருக்கார்" என்று லீலாவதியும் ஹிந்தியில் சொன்னாள்.

வீணா அவளைப் பார்த்த பார்வையில் அழுகை போய் வேறு ஏதோ வந்தது. "நல்லா எழுதியிருக்காரா? குத்தின்னு எழுதியிருக்கார். எல்லாரும் படிக்கிற இடத்துல என்னை குத்தின்னு எழுதியிருக்கார்."

தில்லியில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அந்த வார்த்தை தெரியாதா. ஹிந்தியில் 'குத்தி' என்றால் பெட்டை நாய். தெருச் சண்டையில் ஒரு பெண்ணைப் பார்த்து அதைச் சொன்னால் கைகலப்பில்தான் முடியும். "எங்கே எழுதியிருக்கார்?" என்று லீலாவதி பதறிக்கொண்டு திரையைப் பார்த்தாள். வீணா விரலை வைத்துக் காட்டினாள். கே, யூ, இரண்டு டி, ஒரு ஐ.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் ஆங்கில எழுத்தில் 'டி' போட்டால் அது ட. 'த' வேண்டுமென்றால் பக்கத்தில் ஓர் எச் சேர்ப்போம். அதனால்தான் நம்மூர் லலிதாவுக்கும் கீதாவுக்கும் பெயரில் ஓர் எச் இருக்கிறது. வடக்கத்தி கீதாவுக்கு அது கிடையாது. அவர்களுக்கு வெறும் 'டி'யே த-வும் ஆகும். ஆக, தட்சிணாமூர்த்தி கொஞ்சி எழுதிய குட்டி, இரண்டு மேஜை தள்ளிப் போவதற்குள் நாயாகிவிட்டது. லீலாவதிக்கு ஒரு பக்கம் சிரிப்பு முட்டியது. இன்னொரு பக்கம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இல்லை வீணா, எங்க பாஷையில அதுக்கு…" என்று அவள் ஆரம்பிப்பதற்குள் பியூன் வந்து நின்றான். டைரக்டர் சாகிப் உடனே கூப்பிடுகிறார் என்றான்.

யாரோ அதற்குள் போட்டுக்கொடுத்திருந்தார்கள். மல்ஹோத்ரா உட்காரக்கூடச் சொல்லவில்லை. "இது ஆபீஸா, காய்கறி மண்டியா?" என்றார். லீலாவதி விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். நாளைக் காலை மூன்று பேரும் வாருங்கள், அப்போது கேட்கிறேன், அதற்குமேல் அந்தச் சபா இருக்குமா என்பதையும் அப்போதே சொல்கிறேன் என்று முடித்துவிட்டார். சபையை மூடிவிடுவார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

மாடிக்கு வந்து தட்சிணாமூர்த்தியிடம் விஷயத்தைச் சொன்னாள். மனிதர் மஃப்ளரைக் கழற்றி மேஜைமேல் வைத்தார், மறுபடியும் எடுத்துச் சுற்றிக்கொண்டார்.

"நீங்கதானம்மா சொன்னிய, அந்தப் பிள்ளைட்ட பைய பேசணும்னு. பையத்தான எழுதினேன்."

"அது எனக்குத் தெரியுதுங்க சார். ஆனா எதுக்குங்க சார் நடுவுல தமிழு? ஸ்மால்னு போட்டிருக்கலாமுங்களே."

"வரலியே" என்றார் அவர். "இங்கிலீஷ்ல எனக்கு வையத்தான் தெரியும். எங்க வாத்தியார் இங்கிலீஷ்ல வஞ்சாரு, ஆபீசர் இங்கிலீஷ்ல வஞ்சான். அன்பா ஒரு வார்த்தை சொல்லணும்னு உக்காந்தா, கை தானா தமிழுக்குப் போயிட்டு."

லீலாவதிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. ஒரு மனிதர்மேல் இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பதை அவள் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் சப்பாத்தி போட்டுக்கொண்டே கணவர் ஜோதிலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். குட்டி நாயான இடத்தில் அவர் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்புறம் அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "செரி, நாளைக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லீட்டா முடிஞ்சு போச்சில்ல?" என்று கேட்டார்.

"முடிஞ்சு போயிருமுங்க" என்றாள் லீலாவதி. சொல்லும்போதே என்னவோ உறுத்தியது. கல்லில் கிடந்த சப்பாத்தி தீய்ந்துவிட்டது.

மறுநாள் காலை மூன்று பேரும் டைரக்டர் அறையில் உட்கார்ந்தார்கள். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. லீலாவதி ஒரு காகிதத்தில் ஹிந்தி ட-வையும் த-வையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நம்மூர் லலிதாவின் எச் எழுத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினாள். தமிழில் குட்டி என்றால் சின்னது, குழந்தையைக்கூட அப்படித்தான் கூப்பிடுவோம் என்றாள். மல்ஹோத்ரா காகிதத்தை எடுத்துப் பார்த்தார். உதட்டோரம் துடித்தது. கடைசியில் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார்.

"அச்சா. அப்போ திட்டே இல்லை. விஷயம் முடிஞ்சுது. என்னம்மா வீணா, சந்தோஷம்தானே?"

வீணா சிரிக்கவில்லை. காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து அந்த இரண்டு எழுத்துகளையும் பார்த்தாள்.

"சரி சார், இந்த வார்த்தைக்கு அர்த்தம் சின்னது. நம்பறேன். ஆனா அவர் முட்டாள்னு எழுதினாரே, அது தமிழ் இல்லையே. டாங்க்கின்னு எழுதினாரே, அதுவும் தமிழ் இல்லையே. அதுக்கெல்லாம் எனக்கு நல்லா அர்த்தம் தெரியும். அதுக்கு நான் இங்க வந்து அழல. எல்லாரும் வாங்கிக்கறாங்க, நாமும் வாங்கிக்கணும்னு நினைச்சேன்." அவள் லீலாவதியின் பக்கம் திரும்பினாள். "தீதியும் தினம் படிச்சாங்க. ஒண்ணையும் அழிக்கல."

லீலாவதிக்கு முகமெல்லாம் எரிந்தது. முந்தின நாள் சப்பாத்தி போடும்போது உறுத்தியது இதுதான் என்று இப்போது தெரிந்தது. செய்யாத குற்றத்திலிருந்து அவரைக் காப்பாற்ற ஓடி வந்தாளே தவிர, செய்த குற்றத்துக்கு அவரை ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மல்ஹோத்ரா கையை விரித்தார். "அப்போ இழுத்து மூடிடலாம். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்க்கட்டும்."

"மூட வேண்டாம் சார்" என்றாள் லீலாவதி. "தப்பு சபா மேல இல்லை, காவல் காத்த என்மேலதான். எனக்கு இவரைத் தெரியும், இவர் மனசு தெரியும். அதனால இவர் எழுதறது எனக்கு உறைக்கவே இல்லை. படிச்சா உறைக்கற ஆள்தான் காவலுக்கு வேணும். வீணாகிட்டக் கொடுங்க. இனிமே யார் எழுதினாலும் முதல்ல இவகிட்ட வரட்டும், இவ படிச்சுட்டு உள்ளே விடட்டும்."

வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகாத பெண்ணிடமா என்று மல்ஹோத்ரா புருவத்தை உயர்த்தினார். வீணாவும்தான் உயர்த்தினாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

எல்லாரும் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் லீலாவதியிடம் தமிழில், "அந்தப் பிள்ளைட்ட நான் என்ன சொல்லணும்மா?" என்று கேட்டார்.

"அதையும் நானேங்களா சார் சொல்லோணும்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தனக்குத் திட்டு மட்டுமே வருகிற ஆங்கிலத்தை விட்டார். வீணாவுக்குப் புரியாத தமிழையும் விட்டார். பஸ் கண்டக்டரிடமும் பால்காரரிடமும் பேசிப் பேசி ஒப்பேற்றிய ஹிந்தியில், "பேட்டி, கல்தி ஹமாரா" என்றார். மகளே, தப்பு என்னுடையது.

வீணா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹமாரீ, சார்" என்றாள். "கல்தி பெண்பால்."

"ஹமாரீ" என்று அவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் திருப்பிச் சொன்னார். மல்ஹோத்ரா மறுபடி சிரித்தார். இந்தத் தடவை வீணாவும் சிரித்துவிட்டாள். யாருடைய தப்பையும் இத்தனை தன்மையாகத் திருத்தலாம் என்று தட்சிணாமூர்த்தி அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்திருப்பார்.

சபை பிழைத்தது. வீணா சும்மா பிழைக்க விடவில்லை, ஆட்டிவைத்தாள். தட்சிணாமூர்த்தியின் பதில்களில் குட்டு இருந்தால் அழிப்பதில்லை, அவருக்கே திருப்பி அனுப்பினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே குட்டை எடுத்துவிட்டு அனுப்புவார். பதில் பாதியாகச் சுருங்கிவிடும், ஆனால் ஒரு சொட்டு விஷயம்கூடக் குறைந்திருக்காது. திட்டைப் பிடுங்கினால் பதிலும் வந்துவிடுமோ என்று தான் பயந்ததை நினைத்து லீலாவதி தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சபையில் புதுப் பெயர்கள் தென்பட ஆரம்பித்தன. அடுத்த கட்டடத்திலிருந்து, ஸ்டோர் செக்ஷனிலிருந்து, ரிட்டயர் ஆகப்போகிற ஒரு சர்தார்ஜியிடமிருந்து. இத்தனை பேர் இத்தனை நாள் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள் என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் வழக்கமான மாதாந்திர ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்கேலும் பேனாவுமாக முதல் பக்கத்தில் ஒரு வரியை அடித்துக்கொண்டிருந்தாள். அந்த ரிப்போர்ட்டில் முதல் மாநிலத்தின் பெயர் எப்போதும் இரண்டு தடவை விழும். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. மாதாமாதம் ஒன்றை அழகாகக் கோடு போட்டு அடித்து மேலே அனுப்பிவிடுவாள். அன்றைக்கும் பாதிக் கோடு போட்டவள் அப்படியே நிறுத்தினாள். சபையைக் கட்டினவள் அவள். ஊரையெல்லாம் கேள், கேள் என்று கூப்பிட்டவள் அவள். அவள் மட்டும் அதில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவர் சுபாவம் அப்படி என்று ஊருக்குச் சமாதானம் சொன்னவளுக்கே அந்த மனிதரிடம் பயம் இருந்திருக்கிறது, அதுவும் மற்ற எல்லாரையும்விட அதிகமாக.

ஸ்கேலைக் கீழே வைத்தாள். டெர்மினலை இழுத்து, முதல் மாநிலம் ஏன் இரண்டு தடவை வருகிறது என்று சபைக்கு எழுதினாள். கீழே தன் பெயரைப் போட்டாள். அனுப்பிவிட்டு, ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவள் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

அரை மணி கழித்து எதிர்மேஜையிலிருந்து வீணா எட்டிப் பார்த்தாள்.

"தீதி, உங்க கேள்விக்குப் பதில் வந்திருச்சு. ஆனா நான் திருப்பி அனுப்பிட்டேன்."

"ஏன், என்ன எழுதியிருந்தார்?"

"அது உங்களுக்கு வேண்டாம்" என்றாள் வீணா. "கொஞ்சம் பொறுங்க, நல்லதா வரும்."

லீலாவதிக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த ஆபீஸில் தனக்காக ஒருவர் வாசலில் நிற்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது அதுதான் முதல் தடவை. மனசு நிறைந்துபோய், இரண்டு டீ சொல்லிவிட்டு வர எழுந்தாள்.